ஒரு வீட்டைக் காணவில்லை

அத்தியாயம் 6

“என் வீட்டைக் காணோம்.”

வந்த பெண் வாசலிலேயே நின்று சொன்னாள். வாலு வாயில் வைத்த பிஸ்கட்டைக் கடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டான். இந்த ஏஜென்சியில் சேர்ந்த மூன்று வருடத்தில் மோதிரம் காணாமல் போயிருக்கிறது, புருஷன் காணாமல் போயிருக்கிறான், புருஷனும் மோதிரமும் சேர்ந்தே காணாமல் போனதும் உண்டு. வீடு காணாமல் போனதாக இதுவரை யாரும் படியேறி வந்ததில்லை.

“கடைசியா எப்போ பார்த்தீங்க?” என்று கேட்டான்.

“பார்த்ததே இல்லைங்க.”

“பார்க்காத வீடு எப்படிங்க காணாமப் போகும்?”

“டேய், முதல்ல அவங்களை உட்கார விடு,” என்றாள் அண்ணி.

அண்ணி என்றால் வாலுவின் சொந்த அண்ணன் மனைவி. இருபத்திரண்டு வருடம் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தவள். வேலையை விட்ட பிறகும் கால்கள் சும்மா இருக்க மறுத்ததால், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்துத் துப்பறியும் நிலையம் தொடங்கினாள். வாலு அவளுக்கு உதவியாளன். யாரைப் பின்தொடரச் சொன்னாலும் ஒட்டிக்கொண்டே போவான் என்பதால் அந்தப் பெயர் என்று அவன் வெளியில் சொல்லிக்கொள்வான். வீட்டில் அந்தப் பெயரை அவனுக்கு நான்கு வயதிலேயே வைத்துவிட்டார்கள், வேறு காரணத்துக்காக.

வந்த பெண் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். டவுன் பஸ் டிரைவர். கையிலிருந்த உறையைத் திறந்து ஒரு கடிதத்தையும் ஒரு சாவியையும் மேஜை மேல் வைத்தாள்.

“அரசாங்கக் குடியிருப்புல வீடு கேட்டு ஒன்பது வருஷம் முன்னாடி எழுதிப் போட்டேன் மேடம். போன மாசம் குலுக்கல்ல விழுந்துடுச்சு. ஒன்பதாம் நம்பர் வீடு. சாவியும் கொடுத்துட்டாங்க. போய்ப் பார்த்தா எட்டாம் நம்பர் இருக்கு, பத்தாம் நம்பர் இருக்கு. நடுவுல வீடே இல்லை.”

“ஒன்பது வருஷத்துக்கு ஒன்பதாம் நம்பரா? பொருத்தமாத்தான் கொடுத்திருக்காங்க,” என்றான் வாலு.

அண்ணி அவனைப் பார்க்காமலே அவன் பக்கம் பிஸ்கட் தட்டைத் தள்ளினாள். வாயை மூடு என்பதற்கு அந்த அறையில் அதுதான் சைகை. பிறகு கடிதத்தைப் படித்தாள்.

“முப்பது நாளுக்குள்ள சொந்தச் சாவியால வீட்டைத் திறந்து, அலுவலர் முன்னிலையில கையெழுத்துப் போடணும். இல்லேன்னா வீடு அடுத்தவங்களுக்குப் போயிடும். முப்பதாவது நாள் எப்போ?”

“இன்னைக்கு. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்.”

“இவ்வளவு நாள் என்ன பண்ணீங்க?”

“ஆபீஸுக்கு நடந்தேன். எட்டு தடவை. டியூட்டி முடிச்சுப் போனா ஆபீஸ் மூடியிருக்கும், லீவு போட்டுப் போனா அதிகாரி இருக்க மாட்டார்.” அவள் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். “போன வருஷம் வீட்டுக்காரர் வாடகையை ஏத்தினார். ஆறு மாசத்துல மறுபடி ஏத்தினார். தாங்க முடியலை. பொண்ணை எங்க அக்கா வீட்ல விட்டுட்டேன். ஒன்பதாவது படிக்கிறா. நான் டிப்போவுல லேடீஸ் ரெஸ்ட் ரூம் பெஞ்சுல படுத்துக்கறேன். அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டா. அக்கா வீட்டுக்காரர் இந்த மாசத்தோட கூட்டிட்டுப் போயிடுன்னு சொல்லிட்டார். எங்கன்னு கூட்டிட்டுப் போவேன்? பெஞ்சு ஒரு ஆளுக்குத்தான் பத்தும்.”

வாலு பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.

“எழுந்திரு. வண்டியை எடு,” என்றாள் அண்ணி. “ஒரு கட்டடத்துல எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல இருக்கறது எங்கேயும் ஓடிப் போக முடியாது.”

குடியிருப்பு நாலு மாடி. மாடிக்குப் பதினாறு வீடு, மொத்தம் அறுபத்து நான்கு. கீழ்த்தளத்தின் நீண்ட நடையில் எட்டாம் எண் கதவைத் தாண்டியதும் சுவர். அந்தச் சுவரில் ஆளுயரத்துக்கு ஓர் அறிவிப்புப் பலகை. வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியல் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்டு, மெத்தை கனத்துக்குத் தடித்திருந்தது. பலகையைத் தாண்டினால் பத்தாம் எண் கதவு.

காவலாளி ஸ்டூலை விட்டு எழாமலே விவரம் சொன்னார். “நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னையிலேர்ந்து இப்படித்தான். ஆறு, ஏழு, எட்டு, பத்து.”

“உங்களுக்கு யாரு கணக்கு சொல்லிக் கொடுத்தது?” என்றான் வாலு.

“சம்பளத்தைச் சரியா எண்ணுவேன் தம்பி. மீதியெல்லாம் கட்டினவன் பாடு.”

அண்ணி பத்தாம் எண் கதவைத் தட்டினாள். நடுவயதுப் பெண் ஒருத்தி கையில் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டதும் அவள் குரல் பாதியாகத் தணிந்தது.

“பக்கத்துல வெறும் சுவர்தாங்க. ஆனா அதுக்குள்ள சத்தம் கேக்கும். டக்கு, டக்குன்னு எதையோ அடிக்கற மாதிரி. பகல் பூரா. ராத்திரியானா கப்சிப். எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா எனக்குத்தான் காது கோளாறுன்னு சொல்றார்.”

மூவரும் சுவரில் காதை வைத்தார்கள். டக்கு. கொஞ்சம் இடைவெளி. டக்கு, டக்கு.

வாலுவின் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிந்தது. அண்ணியை ஓரமாக இழுத்துப் போனான். “அண்ணி, வாசலை அடைச்ச ரூம். உள்ளே மிஷின் சத்தம். பகல்ல மட்டும். இது கள்ள நோட்டு!”

“சரி. கள்ள நோட்டுக்கு கரண்ட் எங்கேர்ந்து வருது?”

அண்ணி நேராக மாடிப்படிக்குக் கீழே போனாள். அங்கே மின் மீட்டர்கள் வரிசையாக மாட்டியிருந்தன, ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்புப் பெயின்டில் எண். அவள் விரல் ஒவ்வொன்றாக நகர்ந்து ஒன்பதில் நின்றது. வீடுதான் இல்லையே தவிர, வீட்டுக்கு மீட்டர் இருந்தது. அதன் சக்கரம் அக்கம்பக்கத்து மீட்டர்களையெல்லாம் வெட்கப்பட வைக்கும் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

“இல்லாத வீட்டுல அஞ்சாறு ஃபேன் ஓடுது,” என்றாள் அண்ணி. “உட்காரு.”

“எதுக்கு?”

“வேடிக்கை பார்க்க.”

படிக்கட்டில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். டிரைவரம்மா தன் டிபன் டப்பாவிலிருந்த ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தாள். மீட்டரை முறைத்துக்கொண்டே சாப்பிடுவது வாலுவுக்குப் புது அனுபவம். சரியாக ஒரு மணிக்கு ஒன்பதாம் எண் சக்கரம் வேகம் குறைந்து, தள்ளாடி, நின்றே போனது. பத்தாம் எண் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, சத்தமும் நின்றுவிட்டதாகச் சைகை காட்டினாள்.

“நம்மளைப் பார்த்துட்டாங்க! பின்வாசல் வழியா ஓடறதுக்குள்ள போலீஸைக் கூப்பிடலாம் அண்ணி,” என்று வாலு துள்ளி எழுந்தான்.

“உட்காருடா.”

உட்கார்ந்தான். இரண்டு மணி ஆனது. இரண்டரையும் ஆனது. டிரைவரம்மா நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அவளைப் பார்க்கவே வாலுவுக்குச் சங்கடமாக இருந்தது. அண்ணி மட்டும் சுவரில் சாய்ந்து, பஸ் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தவள்போல இருந்தாள். இரண்டே முக்காலுக்குச் சக்கரம் ஒரு முறை சிலிர்த்துக்கொண்டு மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

அண்ணி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். “ஏன்டா, கள்ள நோட்டு அடிக்கறவன் டாண்ணு ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விட்டு, ஆடி அசைஞ்சு ரெண்டே முக்காலுக்குத் திரும்பி வருவானா?”

“சோம்பேறிக் கள்ளனா இருக்கலாம்.”

“சோம்பேறின்னா ஒரு மணிக்கு இவ்வளவு சுறுசுறுப்பா நிறுத்த மாட்டான்.”

அவள் டிரைவரம்மாவைத் தனியே அழைத்துப் போய்க் காதில் ஏதோ சொன்னாள். காவலாளியையும் கூப்பிட்டு அவர் கையில் ஏதோ திணித்தாள். வாலு நெருங்கியபோது அண்ணியும் டிரைவரம்மாவும் கைக்கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குச் சொல்ல மாட்டீங்களா?”

“உன் முகத்துல எழுதி ஒட்டின மாதிரி தெரிஞ்சுடும். வா, ஆபீஸுக்குப் போகலாம்.”

வீட்டு வசதி அலுவலகம் வேறொரு தெருவில் இருந்தது. குடியிருப்பின் வாசலிலிருந்து புறப்பட்டு இடது பக்கம் திரும்பி, மறுபடி இடது பக்கம் திரும்பி, இன்னொரு தரமும் இடது பக்கம் திரும்பி அண்ணி வண்டியை நிறுத்தச் சொன்னாள். பெட்ரோல் வீண், நடந்தே வந்திருக்கலாமே என்று வாலு முணுமுணுத்தான்.

மூன்று படி ஏறினால் ஒரு சிறிய கூடம். கூடத்தில் இருபது பேர் ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சு விட்டபடி நின்றிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒருத்தி, ஊன்றுகோலோடு ஒருவர், பெயின்ட் அடிக்கும் வேலையிலிருந்து பாதியில் வந்த இரண்டு பேர். எதிரே கறுப்புக் கல் பதித்த மேடை. மேடைக்கு அந்தப் பக்கம் குமாஸ்தா, முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். தலைக்கு மேல் சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை, அதை அட்டை வைத்து மறைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ. ‘ஆவண அறை’ என்று பலகை தொங்கிய இடத்தில் தோள் உயரத்துக்கு நீல ஓடு பதித்திருந்தது.

“ஆபீஸ்னா இப்படி இருக்கணும் அண்ணி. ஃபைல் பார்த்துக்கிட்டே குளிக்கலாம் போலிருக்கு,” என்று வாலு கிசுகிசுத்தான்.

அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு மேடை வரை போனாள். குமாஸ்தா ரப்பர் முத்திரையை ஓங்கி ஒரு விண்ணப்பத்தில் இறக்கினார். டக்கு.

வாலுவின் காது நிமிர்ந்தது. வாய் தானாகத் திறந்தது. அண்ணி அவன் காலை மிதித்தாள்.

“ஒன்பதாம் நம்பர் வீடு எங்கே இருக்குன்னு தெரிஞ்சுக்கணும் சார்,” என்றாள்.

“வீடு ஒதுக்கறது எங்க வேலை. ஒதுக்கின வீட்டைக் கண்டுபிடிக்கறது ஒதுக்கப்பட்டவங்க வேலை.” டக்கு, டக்கு. “அடுத்தது யாரு?”

“கட்டடத்துல ஒன்பதே இல்லையாமே?”

“ஃபைல்ல இருக்கு. ஃபைல்ல இருந்தா இருக்கு.”

“அதிகாரியைப் பார்க்கணுமே.”

“மீட்டிங்ல இருக்கார்.”

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தொன்பது. “அவரே வெளியில வருவார்,” என்றாள்.

மூன்று நாற்பதுக்குக் கூடத்தின் எல்லா மின்விசிறியும் ஒரே நேரத்தில் நின்றது. விளக்குகள் அணைந்தன. வரிசை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. உள்ளறைக் கதவு திறந்து, நெற்றியில் மேஜையின் தடம் பதிந்த முகத்தோடு அதிகாரி வெளியே வந்தார். மீட்டிங்கில் வேறு யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

“என்னய்யா, கரண்ட் போச்சா?”

“கரண்ட் போகலை சார்,” என்றாள் அண்ணி. “உங்க ஃபியூஸ் ஒரு பஸ் டிரைவர் கையில இருக்கு. அந்தக் கட்டடத்துல ஒன்பதாம் நம்பர் மீட்டர்லேர்ந்து பிடுங்கினது. அந்தம்மா டைமுக்கு வண்டி எடுக்கறவங்க. பாருங்க, இன்னும் அரை நிமிஷத்துல திருப்பி மாட்டிடுவாங்க.”

அரை நிமிடத்தில் விசிறிகள் சுற்றின. வாலு மேடையைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், அட்டை வைத்து மறைத்த ஓட்டையைப் பார்த்தான். அது புகை போகிற வழி. அவன் நின்றுகொண்டிருந்தது ஒரு சமையலறை வாசலில். அவர்கள் ஏறி வந்த மூன்று படிகள், ஒரு பால்கனியின் கம்பியை அறுத்து வைத்தவை.

“அண்ணி,” என்றான், “இவ்வளவு நாளா அந்தம்மா அவங்க வீட்டுலயே வந்து, அவங்க வீடு எங்கேன்னு கேட்டுக்கிட்டு நின்னிருக்காங்க.”

“நல்லவேளை, சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுட்டே,” என்றாள் அண்ணி.

அதிகாரி மேடையைப் பிடித்துக்கொண்டார். “இது தற்காலிக அலுவலகம்.”

“எவ்வளவு நாளா தற்காலிகம்?”

“நாலு வருஷம்கூட இன்னும் முழுசா ஆகலை.” குரலில் இருந்த விறைப்பு மெல்ல இறங்கியது. “மெயின் ரோட்டுல வாடகைக் கட்டடத்துல இருந்தோம்மா. ஓனர் வாடகையை மூணு மடங்காக்கினார். மேலிடத்துக்குப் பதினேழு கடிதம் எழுதினேன், ஒண்ணுக்கும் பதில் வரலை. ஒரு நாள் காலையில வந்து பார்த்தா பூட்டை மாத்திட்டார். ஃபைலெல்லாம் பிளாட்பாரத்துல. மூணு நாள் மழை. நானும் இவரும் மாத்தி மாத்திக் குடை பிடிச்சோம்.”

குமாஸ்தா தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கெல்லாம் வீடு தர வேண்டிய அலுவலகம் தெருவில் நனைந்த கதையைக் கேட்டு வாலுவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

“அப்போ அறுபத்து மூணு வீடுன்னு எழுதியிருக்கலாமே சார்,” என்றான்.

“அறுபத்து நாலு கட்டணும்னு உத்தரவு. அறுபத்து மூணுன்னு எழுதினா ஒண்ணு எங்கேன்னு கேப்பாங்க. அதனால எல்லாம் காலி, குடியேறத் தயார்னு எழுதிட்டேன். மேலிடத்துல அந்த லிஸ்ட்டை அப்படியே குலுக்கல்ல போடுவாங்கன்னு நான் நினைக்கலை. முப்பது நாள் போனா அலுத்துப் போயிடுவாங்கன்னு...”

அந்த நேரத்தில் குமாஸ்தாவின் முதுகுக்குப் பின்னால் சுவர் கிறீச்சிட்டது. ஒரு பூட்டு திரும்பும் சத்தம். இரும்பு பீரோ ஒரு விரற்கடை முன்னால் நகர்ந்தது. குமாஸ்தா நாற்காலியோடு எகிறினார். வாலு மேடையைத் தாண்டிக் குதித்துப் பீரோவைப் பிடித்து இழுத்தான். அதற்குப் பின்னால் ஒரு கதவு. கதவைத் தள்ளியபடி டிரைவரம்மா நின்றாள். அவளுக்குப் பின்னே நடையில் காவலாளி, கழற்றிய அறிவிப்புப் பலகையையும் ஸ்க்ரூ டிரைவரையும் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாக எட்டுக்கும் பத்துக்கும் நடுவே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அனுமதி இல்லாம உள்ளே வரக்கூடாது!” என்றார் குமாஸ்தா, பழக்க தோஷத்தில்.

“என் வீட்டுக்குள்ளயா?” என்றாள் டிரைவரம்மா.

அதிகாரி கடைசியாக ஒரு முயற்சி செய்தார். “இதை ரத்து பண்ணிட்டு அடுத்த வீட்டுக்குச் சிபாரிசு பண்றேன்மா.”

“எப்போ வரும் சார் அடுத்த வீடு?”

அண்ணி கடிதத்தை மேடையில் விரித்தாள். “சார், ஒன்பதாம் நம்பர் காலியா இருக்குன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. காலியா இல்லேன்னா அந்தக் கையெழுத்து பொய். காலின்னா நீங்க இங்கே இல்லை. மேலிடத்துக்குப் பதினெட்டாவது கடிதம் நான் எழுதறேன். ரெண்டுல எதை எழுதட்டும்?”

சுவர்க் கடிகாரம் நாலு மணியைக் காட்டியது. அதிகாரி வரிசையில் நின்ற இருபது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“பேனா கொடுய்யா,” என்றார்.

சொந்தச் சாவியால் திறந்தாயிற்று. அலுவலர் முன்னிலை வேண்டும் என்றால், அலுவலர் நடுவீட்டிலேயே இருந்தார். டிரைவரம்மா கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா முத்திரையைத் தூக்கினார். இந்த முறை சத்தமே வராமல் மெதுவாக அழுத்தினார்.

“நாங்க எங்கேம்மா போறது?” என்று அதிகாரி கேட்டார். கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்டார்.

டிரைவரம்மா அவர் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று வாலு எதிர்பார்த்தான். திட்டினால் கூடச் சேர்ந்துகொள்ளவும் தயாராக இருந்தான்.

“ஒரு வாரம் கூடத்துல இருந்துக்கோங்க சார். மழை வேற வர்ற மாதிரி இருக்கு. உள் ரூமை மட்டும் இன்னைக்கே காலி பண்ணிக் கொடுங்க. பொண்ணுக்குப் பரீட்சை வருது, படிக்கணும்.”

அப்போது வரிசையில் ஒரு சலசலப்பு. ஊன்றுகோல்காரர் தட்டுத்தடுமாறிப் படியிறங்கி, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார். அவரைப் பார்த்துப் பெயின்டர்கள் இறங்கினார்கள். குழந்தைக்காரி காலாலேயே செருப்பை ஒதுக்கிவிட்டாள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. இவ்வளவு நேரம் அலுவலகம் என்று நின்றவர்களுக்கு இது ஒருத்தியின் வீடு என்று தெரிந்துவிட்டது. வாலு குனிந்து தன் காலைப் பார்த்தான். ஷூ. முடிச்சு வேறு இறுகியிருந்தது.

“வந்தவங்க ஏன் நிக்கறீங்க?” என்று டிரைவரம்மா தடுமாறினாள். தன் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டிருக்க வேண்டும். “உட்காருங்க. எல்லாரும் உட்காருங்க.”

குமாஸ்தா தன் நாற்காலியைத் தூக்கிக் குழந்தைக்காரிக்குக் கொடுத்தார். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணியும் சுவரோரமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்து, இருபத்திரண்டு வருடம் நடந்த பாதங்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

டிரைவரம்மாவின் செல்போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தாள், பெண்தான். பள்ளி விட்டிருக்கும்.

“அம்மா, எங்கேம்மா இருக்கே?”

அவள் மேடையில் கை வைத்து, குழாயைத் திருகிப் பார்த்தாள். தண்ணீர் வந்தது.

“வீட்ல,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி போனைக் காதில் வைத்தாள். “வீட்லதான்டி இருக்கேன். விருந்தாளிங்க கொஞ்சம் அதிகமா இருக்காங்க. பரவாயில்லை, நீ பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பி வா.”